கையால் பார்க்கும் படப் புத்தகம்

"படமா? நிறைய இருக்கே! செல்லைத் திறந்தா ரெண்டாயிரம் இருக்கு" என்பீர்கள். சரி, அதில் உங்கள் மாமியாரின் படம் எத்தனை? அவர் அதை எப்போது பார்த்தார்? கண்ணில் புரை விழுந்தவருக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரிவதில்லை. விரல் பட்டதும் படம் ஓடிப் போய் வேறொன்று வருகிறது. "போதும்மா, அப்புறம் பார்க்கறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நாமும் வாங்கி வைத்துவிடுகிறோம். செல் ஒரு நாள் தண்ணீரில் விழுந்தாலோ, பஸ்ஸில் தொலைந்தாலோ ரெண்டாயிரமும் அதோடு போயிற்று!

சகோதரிகளே, இந்த இதழில் வீட்டிலேயே கையால் தைத்துச் செய்யும் ஒரு படப் புத்தகத்தைப் பார்ப்போம். பன்னிரண்டே படம்தான். ஆனால் அது மடியில் வைத்துக்கொள்ளலாம், தடவிப் பார்க்கலாம், பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவில் விரித்து வைத்துப் பேசலாம் என்கிற மாதிரிப் புத்தகம்.

முதல் புத்தகமே ஒரு பெண்மணி செய்ததுதான்!

இதென்ன புதுப் பைத்தியம் என்று வீட்டில் யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். புகைப்படங்களைக் கொண்டு உலகில் முதன்முதலாகப் புத்தகம் செய்தவர் என்று சொல்லப்படுபவர், இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் 1799-ல் பிறந்த அன்னா அட்கின்ஸ். பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்து, விஞ்ஞானியான தகப்பனாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். கடல் பாசிகளைச் சேகரிப்பதில் அவருக்கு ஆசை. ஆனால் முடியைவிட மெல்லிய அந்தப் பாசிகளைக் கையால் அப்படியே வரைவது கஷ்டமாக இருந்தது.

1842-ல் அவர்களுடைய குடும்ப நண்பரான விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல், 'சயனோடைப்' என்ற முறையைக் கண்டுபிடித்தார். இரண்டு ரசாயன உப்புக்களைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மேல் இலையையோ பாசியையோ வைத்துக் கண்ணாடியால் அமுக்கி வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் மாறிவிடும். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் போதும். பாசி இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கடல் நீலமாகவும் நிற்கும். அந்த இரண்டு உப்புக்களில் ஒன்றான பெரிக் அம்மோனியம் சிட்ரேட்டைத்தான் இன்றும் சில ரத்தசோகை டானிக்குகளில் இரும்புச் சத்துக்காகச் சேர்க்கிறார்கள்!

அன்னா அம்மையார் 1843 அக்டோபரில் தம் புத்தகத்தின் முதல் பகுதியை வெளியிட்டார். அதிலிருந்து 1853 வரை பத்து வருஷம், ஒரு பிரதிக்குச் சுமார் 400 படங்கள். ஒவ்வொன்றையும் வெயிலில் காட்டி, அலசி, உலர்த்தி எடுத்தார். பாசியின் பெயரைக்கூடத் தம் கையாலேயே எழுதி அதையும் படத்தோடு வெயிலில் அச்சாக்கினார். பகுதி பகுதியாக நண்பர்களுக்கு அனுப்புவார். பெற்றுக்கொண்டவர்கள் சேர்த்துத் தைத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இருக்காது.

ஒரே ஒரு குறை. புத்தகத்தில் முழுப் பெயரைப் போடாமல் 'ஏ. ஏ.' என்று மட்டும் எழுதினார். பிற்காலத்தில் அதைப் பார்த்த ஒருவர், 'அநாமதேய அமெச்சூர்' என்பதன் சுருக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்! பத்து வருஷம் பாடுபட்டவரின் பெயர் அப்படி மறைந்துபோக இருந்தது. இதை மனதில் வையுங்கள், கடைசியில் மறுபடி இந்த விஷயத்துக்கு வருவோம்.

எந்தப் பன்னிரண்டு?

படம் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. எல்லாவற்றையும் போட்டால் ஆல்பம். ஏதாவது ஒன்றைச் சொல்வதற்காகத் தேர்ந்தெடுத்தால்தான் புத்தகம். சில யோசனைகள்:

விற்கப்போகும் பூர்வீக வீடு: திண்ணை, முற்றம், கிணற்றடி, மாடப்பிறை, பாட்டி சாய்ந்து உட்கார்ந்த தூண்.

வீட்டிலுள்ளோரின் கைகள்: பூத்தொடுக்கும் கை, முறுக்குச் சுற்றும் கை, பேப்பர் பிடித்திருக்கும் தாத்தாவின் கை, குழந்தையின் மூடிய கை. முகமே வேண்டாம், யார் கை என்று வீட்டார் எல்லோருக்கும் தெரியும்.

குழந்தையின் முதல் வருஷம்: மாதம் ஒரு படம், ஒரே நிலைப்படியில், ஒரே இடத்தில். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பக்கம்.

செல்லில் இருக்கும் படங்களைக் கடையில் 4 x 6 அங்குலத்தில் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். பளபளப்பு வேண்டாம், 'மேட்' தாள் கேளுங்கள். விரல் ரேகை அதிகம் தெரியாது, விளக்கு வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசாது.

பழைய படங்களானால் அசலைப் புத்தகத்தில் வைக்காதீர்கள். நகல் எடுத்து அதை வையுங்கள். 1970-களில் எடுத்த கலர் படங்கள் பெட்டியிலேயே இருந்தும் சிவந்துபோயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துத் தாளில் இருந்த நீலச் சாயம் இருட்டிலும் மங்கிவிடும், சிவப்புதான் மிஞ்சும். நகல் எடுக்கும்போதே கம்ப்யூட்டரில் நிறத்தைச் சரி செய்யச் சொல்லலாம்.

பிய்க்காதீர்கள், பொறுங்கள்!

பல வீடுகளில் கல்யாண ஆல்பம் அந்த ஒட்டும் பக்கங்கள் உள்ளதாக இருக்கும். பிளாஸ்டிக் மேல்தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடுவோமே, அதுதான். அந்தப் பசையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வருஷக்கணக்கில் படத்தைப் பழுப்பாக்குகின்றன. எடுத்துவிடுவதே நல்லது. ஆனால் நகத்தால் நெம்பி இழுத்தால் படம் கிழியும். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலையோ மெல்லிய நைலான் நூலையோ படத்தின் ஒரு மூலையில் கொடுத்து, இரு கையாலும் மாறி மாறி மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள், ரம்பம் அறுப்பது போல. வரவில்லையா? விட்டுவிடுங்கள். இருந்த இடத்திலேயே செல்லால் படமெடுத்து நகல் போடுங்கள். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதுவே வழி.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது எத்தனையோ வீடுகளில் நகை மிஞ்சியது, படம் மிஞ்சவில்லை. அப்படிப் படங்கள் நனைந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி உலர விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசிப் பிரித்து, படப்பக்கம் மேலே பார்க்கும்படி பழைய வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். படப்பக்கத்தைத் துடைக்கக் கூடாது. இரண்டு நாளைக்குள் செய்துவிட வேண்டும், பிறகு பூசணம் பிடித்துவிடும்.

தேவையான பொருட்கள்

கைக்காகிதம் (கெட்டியானது), 8 x 11½ அங்குலத்தில் 12 தாள்
பைண்டிங் அட்டை (2 மில்லிமீட்டர்), 8¼ x 10¼ அங்குலத்தில் 2
பழைய பருத்திப் புடவைத் துண்டு, 9¾ x 11¾ அங்குலத்தில் 2
அதே அளவில் மெல்லிய வெள்ளைத் தாள் 2
உள்ளே ஒட்ட நல்ல தாள், 7¾ x 9¾ அங்குலத்தில் 2
கெட்டி நூல் 1½ கெஜம், மெழுகு, பெரிய ஊசி, குத்தூசி
மைதா, பிரஷ், ஸ்கேல், கத்தி

ஏன் கைக்காகிதம்? செய்தித்தாள் ஒரே மாதத்தில் மஞ்சளாகிறதே, காரணம் மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள். பருத்திக் கந்தலிலிருந்து செய்யும் கைக்காகிதத்தில் அது கிடையாது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-ல் தொடங்கிய கைக்காகிதத் தொழிற்சாலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். காதி கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும். அந்த ஸ்பரிசத்துக்காகவே வாங்கலாம்.

செய்முறை

பக்கங்கள்: ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் 1½ அங்குலத்தை உள்பக்கமாக மடித்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். இப்போது பக்கம் 8 x 10 ஆகிவிடும். மடித்த பகுதி இரட்டைக் கனமாக இருக்கும். இது எதற்கு என்கிறீர்களா? படங்களை வைத்ததும் புத்தகத்தின் வாய்ப்பக்கம் பருத்துவிடும். முதுகுப் பக்கம் மட்டும் மெலிந்திருந்தால், சாப்பாடு அதிகமான குழந்தை மாதிரிப் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். படத்தின் கனத்துக்கு முதுகிலும் கனம் வேண்டும். மடிப்பு முடியும் இடத்தில் ஸ்கேலை வைத்து, எழுதாத பேனாவால் ஒரு கோடு அழுத்திவிடுங்கள். பக்கம் அந்தக் கோட்டில் மடங்கித் திரும்பும்.

பசை: ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தணலில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஆற விடுங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்க மயில் துத்தம் சேர்ப்பார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மயில் துத்தம் விஷம், குழந்தை புத்தகத்தை வாயில் வைக்கும்! பசையை அன்றன்றைக்குச் செய்துகொண்டால் போதும்.

அட்டை: புடவைத் துண்டில் நேராகப் பசை பூசினால் நெசவின் வழியாக வெளியே கசிந்து கறையாகும். ஆகவே மெல்லிய வெள்ளைத் தாளில் பசை பூசி, அதன்மேல் துணியைப் பரப்பி நீவி, ஓர் இரவு காய விடுங்கள். சுங்குடியோ, கண்டாங்கியோ, அம்மாவின் நைந்துபோன காட்டன் புடவையோ எதுவானாலும் சரி. கரை இருக்கும் பகுதி முதுகுப் பக்கம் வருமாறு வெட்டினால் அழகாக இருக்கும், தடவியதும் கை அடையாளம் கண்டுகொள்ளும்.

முன் அட்டையை மட்டும் மூன்றாகக் குறியுங்கள். முதுகுக்கு 1½ அங்குலம், நடுவில் ¼ அங்குலம், மீதி 8½ அங்குலம். நடுத்துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளிதான் கீல். தாள் ஒட்டிய துணியின் உள்பக்கம் பசை பூசி, இரண்டு துண்டையும் இடைவெளி மாறாமல் வைத்து, சுற்றிலும் ¾ அங்குலத்தை உள்ளே மடித்து ஒட்டுங்கள். மூலைகளில் துணியைச் சற்றுச் சாய்வாகக் கத்தரித்தால் குண்டாகாது. பின் அட்டையை வெட்டாமல் முழுசாக ஒட்டுங்கள். உடனேயே உள்பக்கமும் தாள் ஒட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி விட்டுவிட்டால் காயும்போது துணி இழுத்து அட்டை அப்பளம் போல் வளைந்துகொள்ளும். உள்தாள் எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிசெய்யும். மேலும் கீழும் காகிதம் போட்டு, கனமான பலகையை வைத்து, அம்மிக் குழவியை ஏற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்!

தையல்: முதுகு ஓரத்திலிருந்து ¾ அங்குலம் தள்ளி, மேலிருந்து 1, 3, 5, 7 அங்குலங்களில் நான்கு துளை. ஓர் அட்டைத் துண்டில் இதை அளந்து வைத்துக்கொண்டு, நாலு நாலு தாளாகக் குத்தூசியால் குத்துங்கள். இரண்டு அட்டைகளிலும் அதே மாதிரிக் குத்தி, எல்லாவற்றையும் அடுக்கி, துணிக் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெழுகு தடவிய நூலை இரண்டாவது துளையில், கீழிருந்து மேலாக விடுங்கள். நுனியில் ஒரு சாண் நூலைத் தொங்க விடுங்கள். முதுகைச் சுற்றி மறுபடி அதே துளையில் கீழிருந்து மேலே வாருங்கள். அடுத்த துளைக்குப் போய் உள்ளே இறங்கி, முதுகைச் சுற்றி, அதே துளையில் மறுபடி இறங்குங்கள். இப்படி ஒவ்வொரு துளைக்கும் முதுகைச் சுற்றி ஒரு சுற்று. ஓரத்துத் துளைகளில் மட்டும் புத்தகத்தின் தலைப்பக்கம், கால்பக்கம் சுற்றி இன்னொரு சுற்று. திரும்பி வரும்போது ஓட்டுத் தையல் மாதிரி விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வந்தால், புறப்பட்ட துளைக்கே வந்து சேர்வீர்கள். பின்பக்கம் இரண்டு நுனிகளையும் முடிச்சுப் போட்டு, முடிச்சைத் துளைக்குள் தள்ளிவிடுங்கள். ஜப்பானில் நெடுங்காலமாகப் புத்தகம் தைக்கும் முறை இது.

படம் வைத்தல்: படத்தில் பசை படவே கூடாது. மூலைகளைப் பிடிக்கத் தாளிலேயே 'மூலை' செய்துகொள்ளலாம். ¾ அங்குல அகலம், 2 அங்குல நீளத்தில் தாளை வெட்டி, இரண்டு நுனிகளையும் நடுவில் சேரும்படிச் சாய்வாகக் கீழே மடித்தால் கூரை மாதிரி முக்கோணம் வரும். அதன் பின்பக்கம் மட்டும் பசை தொட்டுப் பக்கத்தில் ஒட்டி, படத்தின் மூலையைச் செருகுங்கள். வேண்டும்போது படத்தை எடுத்து மாற்றலாம். வலது பக்கத்தில் மட்டும் படம் வையுங்கள். இரண்டு படங்கள் முகத்தோடு முகம் உரசினால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

விரலுக்கு ஒரு விருந்து

இடது பக்கங்கள் காலியாக இருக்கின்றன அல்லவா? அவை விரலுக்கு. கல்யாணப் படத்துக்கு எதிரே கூறைப்புடவையின் ஒரு துளி. திண்ணைப் படத்துக்கு எதிரே கோரைப் பாயின் ஒரு துண்டு. இவற்றைத் தைத்தே வையுங்கள்; பசை நாளாக நாளாக விட்டுவிடும். குழந்தை கையாளும் புத்தகமானால் பொத்தான், மணி, ஜமிக்கி மட்டும் கூடாது. பிய்த்து விழுங்கிவிடும்.

தாளிலேயே கோலம் புடைத்து நிற்கச் செய்யலாம். ஒரு கெட்டி அட்டையில் கோலம் வரைந்து, கோட்டின்மேல் கெட்டி நூலை ஒட்டிக் காய விடுங்கள். கைக்காகிதத்தை லேசாக ஈரமாக்கி அதன்மேல் விரித்து, கரண்டி முதுகால் நூலின் இரு புறமும் அழுத்தித் தேய்த்து, பாரம் வைத்துக் காய விடுங்கள். தூக்கினால் உங்கள் வீட்டு வாசல் கோலம் காகிதத்தில் எழுந்து நிற்கும். கண் தெரியாதவரும் விரலால் அதன் சிக்கலைப் பிரித்துப் பார்ப்பார். தைப்பதற்கு முன்பே இதைச் செய்துகொள்ள வேண்டும்.

ஞாபகம் தப்பும் பெரியவர்களுக்கு

இந்தப் புத்தகம் ஒரு மருந்து என்று சொல்ல வரவில்லை. மறதி நோயைப் படப் புத்தகம் குணப்படுத்தாது. ஆனால் அப்படிப்பட்டவர்களைப் பராமரிக்கும் இல்லங்களில், வாழ்க்கைக் கதைப் புத்தகம் என்று ஒன்றைச் செய்து வைத்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்தாலும் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கிணற்றடி பலருக்கு மறப்பதில்லை.

இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். "அத்தை, இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியாவிட்டால் அவருக்கு வெட்கம், பயம், பிறகு புத்தகத்தையே தள்ளிவிடுவார். "அத்தை, நம்ம கோமதி சித்தி பாருங்க, திருச்சி வீட்டு வாசல்ல நிக்கறாங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் தொடர்ந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரையோ வருஷத்தையோ மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம். அவர் கை அந்தப் புடவைத் துண்டைத் தடவிக்கொண்டே இருந்தால், அதுவும் பேச்சுதான். பக்கத்துக்கு ஒரே படம், கறுப்பு மையில் பெரிய எழுத்து, அவ்வளவு போதும்.

பத்திரப்படுத்த

புத்தகத்தைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்க வைத்த நிலையில் வையுங்கள். பசையில் மாவு இருப்பதால் ராமபாணப் பூச்சிக்குப் பிடிக்கும். மாதம் ஒரு முறை எடுத்துப் புரட்டுவதைவிட நல்ல காவல் இல்லை. பக்கத்தில் சின்னத் துணிப்பையில் வசம்பு போட்டு வைக்கலாம்; ஏட்டுச்சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்ததுதான். பாச்சை உருண்டை வேண்டாம். சில கைக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்கள் பாச்சை உருண்டை வாடையை முகர்ந்தாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும்.

பெயரை எழுதுங்கள்

வீட்டுப் பழைய படங்களைத் திருப்பிப் பாருங்கள். ஆண்களுக்குப் பெயர் இருக்கும். பெண்களுக்கு 'இன்னாரின் சம்சாரம்', 'இன்னாரின் தாயார்', அல்லது ஒன்றுமே இருக்காது. பெயர் தெரிந்த கடைசி மனுஷி போய்விட்டால் அந்த முகம் யாரோ ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு படத்துக்குக் கீழும் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். படத்தின் முதுகில் எழுத வேண்டாம், பால்பாயிண்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தெரியும். பக்கத்திலேயே எழுதுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்; "அப்புறம் கேட்டுக்கலாம்" என்பது எத்தனை வீட்டில் நடக்காமல் போயிருக்கிறது!

கடைசிப் பக்கத்தில், இந்தப் புத்தகத்தைச் செய்தவர் பெயர், ஊர், தேதி. முழுப் பெயராக, அதுவும் உங்கள் சொந்தப் பெயராகவே எழுதுங்கள். அன்னா அட்கின்ஸ் மாதிரி இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் பேத்தி அதைத் தடவிப் பார்த்து, "எங்க பாட்டி கையால தைச்சது" என்று சொல்ல வேண்டாமா?

அடுத்த இதழில், மிச்சமான புடவைத் துண்டுகளில் குழந்தைக்கு மெத்தை விரிப்புத் தைப்பதைப் பார்ப்போம். துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!